அம்மாவின் சங்கிலி, அப்பாவின் சட்டைப் பை: பாரிஸ் புறப்படும் முன்

கேள்வி: ஆகஸ்ட் கடைசியில் அப்பா (68), அம்மா (63), மனைவி, 9 வயது மகளோடு ஆறு நாள் பாரிஸ் போகிறோம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல். லா ஷப்பல் பகுதியில் நடக்கும் பிள்ளையார் தேரையும் பார்க்க ஆசை. போன வருஷம் போய்வந்த நண்பர் ஒருவர், விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் ரயிலிலேயே பாஸ்போர்ட் இருந்த பையைப் பறிகொடுத்து, மீதி நாளெல்லாம் அலைந்தே கழித்தார். கேட்டதிலிருந்து கலக்கமாக இருக்கிறது. என்னென்ன ஏமாற்று வேலைகள் நடக்கின்றன, எப்படித் தப்பிப்பது? அம்மா தாலிச் சங்கிலியைக் கழற்றவே மாட்டேன் என்கிறார். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
— வாசகர், திருச்சி

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பருக்கு நேர்ந்தது அந்த ஊரில் நெடுநாளாக நடப்பதுதான். ஜேப்படிக் கூட்டங்களின் தொல்லை தாங்காமல் 2013 ஏப்ரல் 10 அன்று லூவ்ர் அருங்காட்சியக ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். அன்று அருங்காட்சியகமே திறக்கவில்லை. 2015 மே 22 அன்று ஈஃபில் கோபுரத்திலும் இதே காரணத்துக்காக ஊழியர்கள் பணியை நிறுத்த, கோபுரம் பல மணி நேரம் மூடிக் கிடந்தது. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. அங்கே சுற்றுலாப் பயணிக்குப் பெரும்பாலும் நேர்வது, தெரியாமல் எடுப்பதும் பேச்சுக் கொடுத்து ஏமாற்றுவதும்தான். இரண்டுக்கும் வழிமுறை உண்டு. வழிமுறை தெரிந்துவிட்டால் தடுப்பதும் எளிது.

"கவனமாக இருங்கள்" என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு இதைப்போல் உதவாத அறிவுரை வேறில்லை. நாள் முழுக்க யாராலும் கவனமாக இருக்க முடியாது. அதிலும் உங்கள் கவனம் மகளின் கையிலும், அப்பாவின் முழங்கால் வலியிலும், போனில் உள்ள வரைபடத்திலும் பிரிந்து கிடக்கும். எடுப்பவர்கள் தனியாக வருவதில்லை. மூன்று பேராவது இருப்பார்கள்: ஒருவர் உங்களை நிறுத்துவார், ஒருவர் எடுப்பார், ஒருவர் கைமாற்றி வாங்கிக்கொண்டு போய்விடுவார். உங்களுக்குச் சந்தேகம் வந்து எடுத்தவரைப் பிடித்தாலும் அவரிடம் எதுவும் இருக்காது. அவர்களுக்குத் தேவை இரண்டு மூன்று நொடிகள். நகரும் படிக்கட்டின் உச்சியில் முன்னால் போகிறவர் சட்டென்று நிற்பார். பின்னால் வருகிறவர் உங்கள் மேல் மோதுவார். டிக்கெட் கேட்டில் ஒருவர் உங்களை ஒட்டிக்கொண்டே நுழைவார். மெட்ரோக் கதவு மூடும் ஓசை கேட்கும்போது வாசலில் ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். நல்ல உடையில், கையில் வரைபடத்தோடு, உங்களைப் போன்ற பயணி மாதிரியே இருப்பார்கள். பெண்களும் சிறுவர் சிறுமியரும் உண்டு. ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வது வீண். கூடவே, தவறில்லாத யாரையோ சந்தேகப்படவும் வைக்கும்.

எனவே கவனத்தை நம்பாமல் ஏற்பாட்டை நம்புங்கள். எந்தப் பொருள் யாரிடம், உடம்பில் எந்த இடத்தில் இருக்கும் என்பதை ஊரிலேயே முடிவு செய்யுங்கள். கவனம் சிதறினாலும் கை எட்டக்கூடாது. எட்டினாலும் ஒரு நாள் செலவுக்கு மேல் போகக்கூடாது.

நம் குடும்பங்களில் பெரிய ஆபத்து நம் பழக்கத்திலேயே இருக்கிறது. பொறுப்பான ஒருவர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும், எல்லா யூரோவையும், கார்டுகளையும், டிக்கெட்டையும் ஒரே கைப்பையில் வைத்துக்கொள்வார். பத்திரம் என்று நினைத்துத்தான் செய்கிறோம். அந்த ஒரு பை போனால் ஐந்து பேரும் ஒரே நொடியில் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். பெரியவர்கள் அவரவர் பாஸ்போர்ட்டை அவரவர் உடம்பில், துணிக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டும். மகளுடையது உங்கள் மனைவியிடம் இருக்கட்டும். ஆண்களுக்குச் சட்டைக்குள் இடுப்பில் கட்டும் தட்டையான பை போதும். சட்டைக்கு மேலே தெரிகிற இடுப்புப் பை வேண்டவே வேண்டாம்; பணம் எங்கே இருக்கிறது என்று அது ஊருக்கே காட்டிவிடும்.

அம்மா சேலைதான் உடுத்துவார் என்றால், உள்பாவாடையின் உட்புறம் வலது இடுப்புப் பக்கம் ஜிப் வைத்த ஒரு பையைத் தையல்காரரிடம் தைத்து வாங்குங்கள். இந்தியப் பாஸ்போர்ட் ஏறக்குறைய 12.5க்கு 9 சென்டிமீட்டர். பை 15க்கு 11 இருந்தால் பாஸ்போர்ட்டும் மடித்த இரண்டு நோட்டும் அடங்கும். பாட்டிமார் சுருக்குப் பையை இடுப்பில் செருகியதற்கும் இதே காரணம்தான். அது இடுப்பில் இருக்கும்வரை வேறொரு கை அங்கே போக முடியாது. இரண்டு மூன்று பாவாடையிலாவது பை இருக்கட்டும், அன்றைக்கு மாற்றி உடுத்தினாலும் குழப்பம் வராது.

பாஸ்போர்ட்டை ஹோட்டல் லாக்கரில் வைத்துவிட்டு நகலை மட்டும் எடுத்துப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிரெஞ்சுச் சட்டப்படி, வெளிநாட்டவர் தாம் அங்கே தங்குவதற்கான ஆவணத்தைப் போலீஸ் கேட்டால் காட்டக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். நகலில் திருப்தி இல்லையென்றால் நிலையத்துக்கு அழைத்துச் சென்று அடையாளத்தைச் சரிபார்க்கலாம். அதற்காகச் சில மணி நேரம் அங்கே வைத்திருக்கவும் சட்டம் இடம் தருகிறது. வயதானவர்களோடு போகும் உங்களுக்கு, அசல் துணிக்கு அடியில் இருப்பதே நல்லது என்பேன். ஆனால் அந்தப் பையைத் தெருவில் ஒருமுறைகூடத் திறக்கக்கூடாது. அன்றாடச் செலவுக்கு அதிலிருந்து பணம் எடுத்தால், அது ஒளிவிடமாக இருக்காது.

அன்றைய செலவுக்கு 40, 50 யூரோவும் ஒரே ஒரு கார்டும் பேன்ட்டின் முன் பையில். பர்ஸைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்ட் ஒன்று போட்டுவிடுங்கள். உருவும்போது துணியில் உரசி நிற்கும், தொடையில் உணர்வு தெரியும். பின்பக்கப் பையில் கைக்குட்டையைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

அப்பாவின் சட்டைப் பை இதைவிட முக்கியம். நம்மூர் பெரியவர்கள் போன், நோட்டு, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் சட்டையின் மேல் பையில் வைப்பார்கள். மெட்ரோவில் கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தினால் அந்தப் பை வாய் திறந்து நிற்கும். எதிரில் நிற்பவர் ஒரு செய்தித்தாளை விரித்தால் போதும். கண்ணாடிக் கூடு மட்டும் மேலே இருக்கட்டும், போன் உள்பையில்.

முதுகுப் பையைக் கூட்டத்தில் முன்புறம் மாட்டுங்கள். ஜிப்பின் இழுப்பானை அடுத்த ஜிப்போடு சேர்த்து ஓர் ஊக்கு குத்திவிட்டால் போதும், பூட்டு தேவையில்லை. எடுப்பவருக்கு நேரம்தான் பகை. ஊக்கைக் கழற்ற ஆகும் அந்தச் சில நொடிகளுக்காக அவர் நிற்க மாட்டார், ஊக்கு இல்லாத அடுத்த பையைத் தேடிப் போவார்.

மெட்ரோவில் "ஜேப்படித் திருடர்கள் இருக்கிறார்கள், கவனம்" என்று பல மொழிகளில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கேட்டவுடன் எல்லோருடைய கையும் தன்னையறியாமல் பர்ஸைத் தொட்டுப் பார்க்கும். அதைப் பார்க்கத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள். அப்போது கையை அசைக்காமல் இருக்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முன்பே சொல்லி வையுங்கள்.

கார்டுகளுக்கு வருகிறேன். பிரான்ஸில் கார்டைக் காட்டிச் செலுத்தும் முறையில் 50 யூரோ வரை பின் எண் கேட்காது. திருடியவர் கடை கடையாக 40, 45 யூரோவுக்குத் தேய்த்துக்கொண்டே போகலாம். 2020 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதியால், வெளிநாட்டுப் பயன்பாடு, தொடாமல் செலுத்துவது, ஏடிஎம், இணையம் ஒவ்வொன்றையும் வங்கி ஆப்பிலேயே நீங்கள் தனித்தனியாக இயக்கவும் நிறுத்தவும், வரம்பு வைக்கவும் முடியும். கையில் இருக்கும் கார்டுக்கு மட்டும் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, நாள் வரம்பைக் குறைத்து வையுங்கள். மற்றது ஹோட்டலில், மூடிய நிலையில்.

இதில் பலர் தவறவிடும் ஒன்று ஓடிபி. கார்டும் அதற்கு ஓடிபி வரும் இந்திய சிம் உள்ள போனும் ஒரே ஆளிடம் இருந்து இரண்டும் ஒன்றாகப் போய்விட்டால், வெளிநாட்டில் மாற்று சிம் வாங்கவும் வழி இருக்காது. உங்கள் பணத்தை நீங்களே தொட முடியாது. எனவே உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கார்டு, மனைவி பெயரில் வேறு வங்கிக் கார்டு, அவரவர் சிம் அவரவர் போனில். இரண்டு வங்கிகளின் வெளிநாட்டிலிருந்து அழைக்கும் எண்களைத் தாளில் எழுதி, இருவர் பெட்டியிலும் வையுங்கள். போன் போன பிறகு போனில் சேமித்த எண்ணால் பயனில்லை.

இனி இடங்கள். ஷார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கியதும், வருகைக் கூடத்திலேயே "டாக்ஸி? டாக்ஸி?" என்று ஒருவர் அணுகுவார், கழுத்தில் அட்டைகூடத் தொங்கலாம். அனுமதி பெற்ற ஓட்டுநர்கள் உள்ளே வந்து ஆள் பிடிப்பதில்லை. வெளியே பலகை காட்டும் வரிசையில்தான் நிற்பார்கள். வண்டியின் மேல் விளக்கு பச்சையாக இருந்தால் காலி. அங்கிருந்து நகருக்குள் வரக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது: 2025இல் சென் நதியின் வடகரைக்கு 56 யூரோ, தென்கரைக்கு 65. இது ஆளுக்கு அல்ல, வண்டிக்கு; பெட்டிக்குத் தனிக் காசும் இல்லை. கார் து நோர் வடகரையில் இருக்கிறது. சாதாரண டாக்ஸியில் 4 பேர்தான் ஏறலாம், நீங்கள் ஐவர். எனவே பெரிய வண்டியை முன்பதிவு செய்துவிடுங்கள். ஐந்தாவது ஆளுக்குச் சிறு கூடுதல் கட்டணம் உண்டு.

வண்டியில் ஏறியதும் கைப்பைகளை மடியில் வைக்காமல் காலடியில் வையுங்கள், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து வரும் ஏ1 நெடுஞ்சாலையிலும் லாந்தி சுரங்கப் பாதையிலும் வாகன நெரிசலில் வண்டி நிற்கும்போது, ஸ்கூட்டரில் வருபவர்கள் கார்க் கண்ணாடியை உடைத்து இருக்கையில் தெரியும் பையைப் பறித்துப் போனது பல முறை நடந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பைக்காக யாரும் கண்ணாடியை உடைக்க மாட்டார்கள்.

உங்கள் நண்பர் வந்தது ஆர்.ஈ.ஆர். பி என்ற புறநகர் ரயிலாக இருக்க வேண்டும். நல்ல ரயில்தான், மலிவும்கூட. 2025இல் விமான நிலைய டிக்கெட் 13 யூரோ. ஆனால் இரவு முழுக்கத் தூங்காமல் இறங்கும் குடும்பம், ஆளுக்கு இரண்டு பெட்டி, தோளில் ஒரு பை என்று இருக்கும் நிலையில், ஐந்து டிக்கெட்டுக்கு ஆகும் செலவுக்கும் டாக்ஸிக்கும் பெரிய வித்தியாசமில்லை. போகும்போது மட்டுமாவது டாக்ஸியில் போங்கள்.

டிக்கெட் இயந்திரத்தின் முன் தடுமாறி நிற்கும்போது ஒருவர் சிரித்த முகத்தோடு உதவிக்கு வருவார். தன் கார்டைச் செருகி உங்களுக்கு "வாரப் பாஸ்" எடுத்துக் கொடுத்து, கையில் ரொக்கம் கேட்பார். உங்களுக்குக் கிடைத்தது ஒரு குழந்தை டிக்கெட்டாகவோ ஏற்கனவே பயன்படுத்தியதாகவோ இருக்கும். பரிசோதகரிடம் அபராதம் கட்டும்போதுதான் தெரியும். இயந்திரத்தில் ஆங்கிலம் உண்டு. நவிகோ ஈஸி என்ற 2 யூரோ அட்டையை ஆளுக்கு ஒன்றாக வாங்கி (ஒரே அட்டையில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் போக முடியாது) பயணங்களை அதில் ஏற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலையே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால், கூட்டத்தில் நின்று பர்ஸைத் திறக்கும் வேலை மிச்சம்.

மெட்ரோவில் கதவை ஒட்டிய மடக்கு இருக்கைகளில் உட்கார்ந்து போன் பார்க்காதீர்கள். கதவு மூடும் ஓசை எழும்போது போனைப் பறித்துக்கொண்டு நடைமேடையில் குதித்துவிடுவார்கள். அடுத்த நொடி கதவு மூடிவிடும், நீங்கள் உள்ளே. பெட்டியின் நடுப்பக்கம் போய்விடுங்கள். வழி பார்க்க வேண்டுமென்றால் ஏறும் முன் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று பார்த்துக்கொள்ளுங்கள். நகரின் குறுக்கே லூவ்ர், ஷாட்லே வழியாக ஓடும் 1ஆம் தடத்திலும், ஈஃபில் கோபுரத்துக்குப் போகும் தடங்களிலும் இந்த வேலை அதிகம்.

மகளுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுங்கள். தள்ளுமுள்ளில் யாராவது வண்டியில், யாராவது நடைமேடையில் என்று பிரிந்துவிட்டால், நடைமேடையில் நிற்பவர் அங்கேயே நிற்க வேண்டும். வண்டியில் இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டும். மகள் வண்டிக்குள் தனியாக மாட்டினால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்கட்டும், நீங்கள் போய்ச் சேருங்கள். ஹோட்டல் முகவரியும் உங்கள் எண்ணும் எழுதிய துண்டுச் சீட்டு அவள் பையில் எப்போதும் இருக்கட்டும்.

தெருவில் நடக்கும் ஏமாற்று வேலைகளில் நம் பெரியவர்கள் எளிதாக மாட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு: ஒருவர் நம்மிடம் பேசினால் பதில் சொல்லாமல் போவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த நல்ல குணத்தைப் பிடித்துத்தான் அத்தனை தந்திரமும் தொடங்குகிறது. அங்கே முன்பின் தெரியாதவர் அணுகும்போது நடையை நிறுத்தாமல் போவது யாரையும் அவமதிப்பதில்லை, ஊர்க்காரர்களும் அப்படித்தான் போகிறார்கள் என்று அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். தேவையென்றால் "நோன், மெர்ஸி" என்று ஒரே ஒரு முறை.

மோன்மார்த்ர் குன்றில் சாக்ரே கேர் தேவாலயத்துக்குக் கீழே, படிகள் தொடங்கும் இடத்தில் வண்ண நூலோடு சிலர் நிற்பார்கள். "எந்த ஊர்? இந்தியாவா? நமஸ்தே!" என்று கையைப் பிடித்து, விரலில் நூலை மாட்டிப் பின்னத் தொடங்குவார்கள். முடிச்சு விழுந்ததும் 10, 20 யூரோ கேட்பார்கள். நான்கு பேர் சூழ்ந்துவிடுவார்கள். கையில் கயிறு கட்டுவது நமக்குக் கோவிலில் பழகிய காரியம் என்பதால் அம்மா இயல்பாகக் கையை நீட்டிவிடக்கூடும். அந்த இடத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். கட்டிவிட்டாலும் நீங்கள் எதுவும் கடன்படவில்லை. காசு கொடுக்கப் பர்ஸைத் திறக்காமல் கூட்டமுள்ள பக்கம் நடந்துவிடுங்கள். அப்பாவின் முழங்காலுக்கும் நல்லதாக, அந்தப் படிகளைத் தவிர்த்துப் பக்கத்திலுள்ள கேபிள் ரயிலில் ஏறலாம். மெட்ரோ டிக்கெட்டே போதும்.

லூவ்ர், த்யூல்ரி தோட்டம், ஈஃபில் கோபுரம் பக்கங்களில் இளம்பெண்கள் அட்டையில் மாட்டிய மனுவோடு வருவார்கள். காது கேளாதோருக்காகக் கையெழுத்து என்று சைகை காட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால் நன்கொடை கேட்பது ஒரு பக்கம். அதைவிட, நீங்கள் குனிந்து எழுதும்போது அந்த அட்டை உங்கள் கைப்பைக்கு மேல் திரையாகிவிடும் என்பதைக் கவனியுங்கள். கீழே இன்னொரு கை வேலை செய்யும். தெருவோரக் காபிக் கடை மேசையில் வைத்த போன் மேல் இதே அட்டையையோ தாளையோ வைத்து, எடுக்கும்போது போனையும் சேர்த்து எடுப்பார்கள். மேசையில் போன் வைக்காதீர்கள், நாற்காலி முதுகில் பை மாட்டாதீர்கள்.

சென் நதிக்கரையில் ஒருவர் உங்கள் காலடியிலிருந்து தங்க மோதிரம் ஒன்றை எடுத்து "உங்களுடையதா?" என்பார். இல்லையென்றதும் உங்களுக்கே பரிசு என்று கையில் திணித்து, உள்ளே முத்திரை காட்டி, பிறகு சாப்பாட்டுக்குக் காசு கேட்பார். அது பித்தளை. ஈஃபில் கோபுரத்துக்கு எதிரே ட்ரோகாதேரோவிலும் ஈயெனா பாலத்திலும் மூன்று கிண்ணம் வைத்துப் பந்து தேடும் ஆட்டம் நடக்கும். அங்கே ஜெயிப்பவர்கள் எல்லாம் அவர்கள் ஆட்கள். ஆடாமல் வேடிக்கை பார்ப்பவர்களின் பர்ஸையும் பின்னால் நிற்பவர்கள் பதம் பார்ப்பார்கள், எனவே நிற்கவே வேண்டாம்.

போலிப் போலீஸ் மட்டும் சற்று நின்று யோசிக்க வேண்டிய விஷயம். சாதாரண உடையில் ஓர் அட்டையைக் காட்டி, "கள்ளநோட்டுச் சோதனை, பர்ஸைக் காட்டுங்கள்" என்பார்கள். உண்மையான போலீஸ் அடையாள ஆவணம் கேட்கலாம். தெருவில் உங்கள் பணத்தை எண்ணிப் பார்க்கவோ கார்டின் பின் எண்ணைக் கேட்கவோ மாட்டார்கள். பர்ஸைக் கொடுக்காமல், காவல் நிலையத்துக்கு வருகிறேன் என்று அமைதியாகச் சொல்லி, 17 அல்லது 112 எண்ணை அழுத்தத் தொடங்குங்கள். போலி என்றால் அங்கே நிற்க மாட்டார்கள்.

இப்போது அம்மாவின் தாலிச் சங்கிலி. இதை அவர் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். அதற்கு அவர் தரும் அர்த்தம் பெரியது. ஆனால் பாரிஸிலும் அதன் புறநகரிலும் கழுத்துச் சங்கிலிப் பறிப்பு உண்டு, தெற்காசியப் பெண்கள் அசல் தங்கம் அணிவார்கள் என்பது பறிப்பவர்களுக்குத் தெரியும். மற்றதில் எல்லாம் போவது பணம் மட்டும்தான். சங்கிலியை இழுத்தால் கழுத்தில் காயம் படும், படிக்கட்டில் இழுத்தால் ஆள் விழுவார். 63 வயதில் அப்படி விழுவதுதான் என் கவலை. நம்மிடமே இதற்கு வழி இருக்கிறது: திருமாங்கல்யத்தை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, சங்கிலியை ஊரில் வங்கி லாக்கரில் வைத்துவிட்டு வரலாம். கயிறு மாற்றுவதற்கு நல்ல நாளும் நேரமும் அம்மா பார்ப்பார் என்றால், பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே பேச்சை எடுங்கள். கிளம்பும் நாள் காலையில் கேட்டால் நடக்காது. கயிறும் ரவிக்கைக்குள் இருக்கட்டும், கழுத்தை ஒட்டி ஒரு பருத்தித் துப்பட்டாவோ சால்வையோ சுற்றியிருக்கட்டும். வளையல், மகளின் காதணி எல்லாம் கவரிங்கூட வேண்டாம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

லா ஷப்பலுக்குப் போகும் நாளில் இது இன்னும் முக்கியம். பஜோல் தெரு மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் அன்று அந்தத் தெருக்களில் நிற்க இடமிருக்காது; காதில் தமிழ், மூக்கில் கற்பூரம், கண்ணில் தேங்காய் உடைப்பு. ஊருக்கே வந்துவிட்டோம் என்று மனம் இளகும், கை பையை விட்டுவிடும். பெரிய கூட்டம் எங்கே கூடினாலும் அங்கே எடுப்பவர்களும் வருவார்கள். அன்று மட்டும் பாஸ்போர்ட்களை ஹோட்டலில் வைத்துவிடலாம். உங்கள் ஹோட்டல் நடந்து போகும் தூரம்தான். அதேபோல் வேறெந்த நாளில் சிக்கல் வந்தாலும், ஃபோபூர் சென் தெனி தெருவையும் காயில் தெருவையும் சுற்றியுள்ள தமிழ்க் கடைகளில் கேட்டால், பிரெஞ்சில் பேசிக்கொடுக்க ஒருவர் கிடைக்க வாய்ப்பு நிறைய.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று போய்விட்டது என்று வையுங்கள். துரத்தாதீர்கள். குடும்பத்தை ஓரிடத்தில் நிற்க வைத்து, இன்னும் என்ன போயிருக்கிறது என்று பாருங்கள். போன் போயிருந்தால் முதலில் கார்டுகள்: மனைவியின் போனிலிருந்து வங்கியை அழைத்து நிறுத்துங்கள். 2017இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, நீங்கள் தகவல் சொன்ன பிறகு நடக்கும் அனுமதியற்ற பரிவர்த்தனை வங்கியின் பொறுப்பு. ஆகவே தகவல் சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தது போனைப் பூட்டுவது. ஐபோன் என்றால் மனைவியின் போனில் ஐகிளவுட் தளத்துக்குள் சென்று, தொலைந்ததாகக் குறிக்கலாம். அதற்கு மட்டும் இரண்டாம் கட்டக் குறியீடு கேட்காது. ஆண்ட்ராய்டில் தொலைவிலிருந்து பூட்டும் வசதிக்கு உங்கள் போன் எண் போதும், ஆனால் அதை ஊரிலேயே இயக்கி வைத்திருக்க வேண்டும். ஐபோனில் 2024 ஜனவரியில் வந்த திருட்டுப் பாதுகாப்பு அமைப்பையும், எந்தப் போனானாலும் சிம்முக்குத் தனிப் பூட்டு எண்ணையும் கிளம்பும் முன் போட்டுவிடுங்கள். சிம்முக்குப் பூட்டு இல்லையென்றால், அதைக் கழற்றி வேறு போனில் போட்டு உங்கள் ஓடிபிகளை அவர்கள் வாங்கிவிடலாம்.

பிறகு காவல் நிலையம். எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், திருட்டு நடந்த பகுதிக்கே போக வேண்டியதில்லை. வெளிநாட்டவருக்கென ஆங்கிலம் உட்பட பல மொழிகளில் அமைந்த படிவம் பல நிலையங்களில் உண்டு. போன் என்றால் ஐஎம்இஐ எண் (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) கேட்பார்கள். இப்போதே *#06# அழுத்தி அதைத் தாளில் எழுதி வையுங்கள். "தொலைந்தது" என்று எழுதாமல் "திருடப்பட்டது" என்று எழுதச் சொல்லுங்கள், காப்பீட்டுக்கு அந்தச் சொல் வேண்டும். விசாவுக்காக நீங்கள் எடுத்த காப்பீடு மருத்துவத்துக்கு 30,000 யூரோ காட்டுவதற்கானது. அதில் திருட்டு சேர்ந்திருக்கிறதா, எத்தனை மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் கேட்கிறது, போன் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாலிசியை இப்போதே வாசித்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் போயிருந்தால் அந்தப் புகார் நகலோடு 16ஆம் வட்டாரத்திலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு. திரும்பும் நாள் நெருக்கத்தில் இருந்தால், இந்தியாவுக்குத் திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு அடுத்த நாட்டுக்குச் சுற்றுலாவைத் தொடர முடியாது. வழியில் வேறு நாட்டில் விமானம் மாறுகிறீர்கள் என்றால், அந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். ஆளுக்கு நான்கு புகைப்படம், பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல், விசாப் பக்க நகல் ஆகியவற்றை அந்தப் பாஸ்போர்ட்டுக்கு உரியவர் அல்லாத வேறொருவர் பெட்டியில் வைத்தால் இந்த வேலை பாதியாகும். அப்பாவின் நகல் அம்மா பெட்டியில், அம்மாவுடையது அப்பா பெட்டியில்.

போன் திருடு போனவர்களுக்கு ஊர் திரும்பிய பிறகும் ஒரு வலை காத்திருக்கும். சில நாளோ சில வாரமோ கழித்து, நீங்கள் பூட்டிய திரையில் தொடர்புக்காகக் கொடுத்த எண்ணுக்கு, "உங்கள் போன் கண்டுபிடிக்கப்பட்டது, இருக்கும் இடத்தைப் பார்க்க இங்கே நுழையுங்கள்" என்று ஒரு செய்தி வரும். பார்ப்பதற்கு நிறுவனமே அனுப்பியது போல இருக்கும். உங்கள் கடவுச்சொல்லைப் பிடுங்கிப் பூட்டைத் திறக்கத்தான் அது. அந்த இணைப்பைத் தொடாமல் அழித்துவிடுங்கள், மனைவிக்கும் அப்பாவுக்கும் சொல்லி வையுங்கள். உங்கள் கணக்கிலிருந்து அந்தப் போனை நீக்கவும் வேண்டாம். அது கணக்கில் இருக்கும்வரை பூட்டு விழுந்தபடியே கிடக்கும், உதிரி பாகங்களாகப் பிரித்து விற்பதைத் தவிர அவர்களால் அதை வைத்து வேறெதுவும் செய்ய முடியாது.